சிறுபாலத்துக்கு அடியில் நாலு பேர்

நாறுது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இங்கே நிற்கிற வேறு யாரும் சொல்லப்போவதில்லை. அம்மா முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள். தம்பி நிதர்சனுக்கு ஒன்பது வயது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறான், அதனால் அவனுக்கு நாற்றம் நாக்கில் படும், அது இன்னும் கேவலம். அப்பாவுக்கு மூக்கே கிடையாது. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தால் மூக்கு செத்துவிடும் போல. அயர்ன் பண்ணின சட்டையில், நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு காலையும் பலகைமேல் ஒரு அடி தள்ளித் தள்ளி வைத்து, ஏதோ சந்தனக் கடையில் நிற்கிற மாதிரி நிற்கிறார். இதற்கு ஓடை என்று பேர். தண்ணீர் கிடையாது. மேற்கே இருக்கிற தோல் கம்பெனியிலிருந்து வருகிற கறுப்புக் குழம்பு, அதில் ஊர்ச் சாக்கடை, அதில் கோழி இறகு, ஒற்றைச் செருப்பு, போன வருஷம் கரைத்த பிள்ளையாரின் ஒரு கை, கரையாமல். அந்தக் குழம்புக்கு மேலே நாலு பலகை போட்டு எங்களை நிறுத்தியிருக்கிறார். அப்பா தலைக்கு மேலே ஒரு அடியில் காங்கிரீட். அவர் கட்டின பாலம், பன்னிரண்டாவது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டில் ஜல்லி ஏற்றின டிப்பர் லாரி இஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் அம்மாவின் வீட்டுக்காரர் வந்து தேங்காய் உடைத்ததும் அது எங்கள் தலைமேல் ஏறும். ஏறுகிற நேரத்தில் நாங்கள் நாலு பேரும் அடியில் நிற்க வேண்டும். இது எங்கள் குடும்ப வழக்கம். மற்ற வீடுகளில் மொட்டை போடுவார்கள், காது குத்துவார்கள், கிடா வெட்டுவார்கள். எங்கள் வீட்டில் பாலத்துக்கு அடியில் நிற்போம். நான் இருபது நிமிஷமாக மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அங்கே ஒரு கோடு இருக்கிறது. முடி மாதிரி. அது அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும் அது ஏன் வந்தது என்று.

அப்பா இருந்த யூனிட்டில் இப்படி ஒரு பழக்கமாம். பாலம் கட்டினவன், முதல் வண்டி போகும்போது அடியில் நிற்கணும். கட்டினவன் மட்டும். அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வரணும் என்று எந்த யூனிட்டும் சொல்லியிருக்காது, அது இவராகச் சேர்த்தது. சுபேதாராக ரிட்டயர் ஆகி வந்து, லோகு என்கிற கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, முதல் பாலம் போட்டபோது நான் நாலு வயசு. அந்த போட்டோவில் அம்மா இடுப்பில் இருக்கிறேன், மூஞ்சி முழுக்க அழுகை. எங்கள் வீட்டு ஹாலில் பதினோரு போட்டோ வரிசையாக மாட்டியிருக்கிறது, பதினொன்றும் பாலத்தடி. திருப்பதி போட்டோ கிடையாது, கல்யாண போட்டோகூட பீரோவுக்குள்ளே. ஏழாவது போட்டோவில் எனக்கு முன்பல் இல்லை. எட்டாவதில் நிதர்சன் வருகிறான், துணியில் சுற்றி, இருபத்தேழு நாள் குழந்தை, தீட்டுக் கழிந்திருக்காது, அவனையும் லாரிக்கு அடியில் வைத்தாச்சு. பத்தாவதில் என்மேல் சுண்ணாம்புத் தூசி விழுந்திருக்கிறது, அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு ஒரே டயலாக்தான். "குடும்பஸ்தன்னா ஏகாம்பரம்தாம்மா. எங்க போனாலும் குடும்பத்தோட." காபி குடித்துக்கொண்டு சொல்வார்கள். ஒருத்தர்கூட, ஏன் சார் இது உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டதில்லை. எனக்கு வாந்தி வரும். அம்மா சிரிப்பாள். அம்மாவின் அந்தச் சிரிப்பு எல்லா போட்டோவிலும் முந்தானைக்குப் பின்னால் இருக்கிறது, அதாவது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

"தலைய ஆட்டாத" என்கிறார் அப்பா. நான் ஆட்டவில்லை. கழுத்து வலிக்கிறது, அதனால் இறக்கினேன். இறக்கினால் அவருடைய கழுத்து தெரிகிறது. சவரம் பண்ணின இடத்தில் சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு, அதில் ஒட்டின பேப்பர் துண்டு. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து சவரம். ஐந்தேகாலுக்குத் தொண்டையைக் காறி வாஷ்பேசினில் துப்புகிற சத்தம், தெரு முழுக்க எழுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நியூஸ் பேப்பரை விரித்துக் கால்நகம் வெட்டுவார், வெட்டின நகத்தைப் பேப்பரோடு மடித்து அம்மாவிடம் கொடுப்பார், அம்மா வாங்கிக்கொள்வாள். பார்த்திருக்கிறேன், இரண்டு கையாலும் வாங்குவாள். கேன்டீன் ரம் இரண்டு மூடி, அதற்கு மேல் கிடையாது, குடித்ததும் ஒரு ஏப்பம், ஏப்பத்துக்குப் பிறகு "டீக் ஹை", எல்லாம் சரி என்று பட்டாளத்து இந்தி. வீட்டில் ரசமட்டம் வைத்திருக்கிறார். பீரோ, கட்டில், கேஸ் ஸ்டவ், எதை நகர்த்தினாலும் அந்தக் கட்டையை மேலே வைத்து, கண்ணாடிக்குள்ளே இருக்கிற குமிழி நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் அட்டையை மடித்து மடித்துக் காலுக்கு அடியில் செருகுவார். தோசைக் கல் சாய்ந்திருக்கிறது என்று ஒரு நாள் அம்மாவைத் திட்டினார். மாவு ஒரு பக்கமாக ஓடுகிறதாம். நான் ப்ளஸ் டூ பாதியில் நின்றபோது மட்டும் திட்டவில்லை. அது எனக்கு ஏமாற்றம். எல்லாரும் காரணம் கேட்கிறார்கள், காதலா, வாத்தியார் ஏதாவது பண்ணினாரா, உடம்பு சரியில்லையா. படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். கதை எல்லாம் கிடையாது. ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டேன், கழற்றினேன், போகவில்லை. அப்பா ஒரு வாரம் பார்த்தார். பிறகு, "வீட்ல சும்மா ஒக்காரக் கூடாது. சைட்டுக்கு வா. க்யூரிங் ஒன் பொறுப்பு" என்றார். போர்வைக்குள்ளிருந்தே சரி என்றேன். அந்தச் சரிதான் இப்போது எங்கள் தலைக்கு மேலே கோடாக ஓடிக்கொண்டிருக்கிறது.

க்யூரிங் என்றால் பெரிய வித்தை இல்லை. காங்கிரீட் போட்ட மறுநாள் அதன்மேல் மண்ணால் வரப்பு கட்டி, வயலுக்குக் கட்டுகிற மாதிரி பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தணும். ஓரங்களில் சாக்கு போட்டு அதை ஈரமாகவே வைக்கணும். இருபத்தோரு நாள். முதல் ஏழு நாள்தான் உயிர் என்று அப்பா சொன்னார், பால் குடிக்கிற குழந்தை மாதிரி, தண்ணி இல்லன்னா உள்ளுக்குள்ள வெந்துடும், வெளிய தெரியாது. சொன்னார். நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகக் கேட்டது. முதல் இரண்டு நாள் ஊற்றினேன், ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு, வெயிலில், இதே நாற்றத்தில். மூன்றாவது நாள் காலை எட்டே முக்காலுக்கு எங்கள் பள்ளிக்கூட பஸ் பாலத்துக்குப் பக்கத்து மண்பாதையில் திரும்பியது. பப்ளிக் பரீட்சை அன்றைக்குத்தான் ஆரம்பம். எனக்கும்கூட ஹால் டிக்கெட் வந்திருந்தது, ஏ. யோகலட்சுமி என்று அச்சடித்து, போட்டோவோடு, வாங்கப் போகவில்லை. பஸ் பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கியது. ஜன்னல் முழுக்க எங்கள் வகுப்பு. அவர்கள் சிரித்திருந்தால் பரவாயில்லை. நான் கெட்ட வார்த்தை சொல்லியிருப்பேன், முடிந்திருக்கும். அவர்கள் கை ஆட்டினார்கள். எல்லாரும். அந்தப் பிரியதர்ஷினி, என்னோடு ஏழு வருஷம் பேசாதவள், அவளும் ஆட்டினாள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவளைப் பார்க்க வந்த மாதிரி. என் கையில் ஓஸ். ஓஸிலிருந்து தண்ணீர் என் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு சிமெண்ட் ஷெட்டுக்குப் பின்னால் போய்க் காலி மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு, மறுநாள், அதற்கு மறுநாள். ஐந்து நாள். போனைப் பார்த்துக்கொண்டு, சிமெண்ட் தூசியைத் தும்மிக்கொண்டு. அப்பா வேறு சைட்டில் இருந்தார், சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வண்டியில் இந்தப் பக்கம் வருவார். ஐந்தேகாலுக்கு எழுந்து, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற சாக்குகளை மட்டும் நனைத்துவிடுவேன். பாத்தியில் ஒரு பக்கெட், பளபளவென்று தெரிகிற அளவுக்கு. அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்து, "டீக் ஹை" என்பார். என் தோளில் தட்டுவார். என்னை நானே பிடித்துக் கிள்ளியிருக்கணும். கிள்ளவில்லை. சாப்பிடப் போய்விட்டேன், அன்றைக்கு மீன் குழம்பு.

சரி, மாட்டிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். க்யூப் என்று ஒன்று உண்டு. பாலத்துக்குப் போடுகிற அதே காங்கிரீட்டை இரும்புப் பெட்டியில் போட்டுக் கட்டி கட்டியாக எடுத்து, இருபத்தெட்டாவது நாள் இன்ஜினியரிங் காலேஜ் மிஷினில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு கனத்தில் உடைகிறது என்று பார்ப்பார்கள். குறைந்த கனத்திலேயே உடைந்தால் நான் தீர்ந்தேன். ஆனால் அந்தக் கட்டிகள் எங்கே இருந்தன? ஷெட்டுக்குள்ளே, தண்ணீர்த் தொட்டியில், முழுகிக்கொண்டு, நிழலில், குளுகுளுவென்று. அவற்றுக்கு என்ன வந்தது, பாஸ் ஆகாமல். நல்ல மார்க்கில் பாஸ். அப்பா பேப்பரைக் கொண்டுவந்து அம்மாவிடம் படித்துக் காட்டினார், ஆற்காடு மக்கன்பேடா வாங்கி வந்தார், எனக்கு முதல் துண்டு. "ஒன் கை பட்ட பாலம்டா யோகா." சர்க்கரைப் பாகு என் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது, நக்கினேன், அது தொண்டையில் நின்றது, இன்னமும் நிற்கிறது. பாத்தி உடைத்த அன்றைக்கு மேலே வெடிப்புகளைப் பார்த்தேன், காய்ச்சல்காரன் உதடு மாதிரி. மேஸ்திரியும் பார்த்தார். என்னையும் பார்த்தார். சிமெண்ட் பால் கரைத்து ஊற்றித் தேய்த்துவிட்டார். மேலே இப்போது வழவழவென்று இருக்கிறது. அடியில் எவனும் தேய்க்கவில்லை. அந்தக் கோடு நிதர்சனுக்கு நேர் மேலே ஆரம்பித்து எனக்கு நேர் மேலே போய் முடிகிறது. நான் பார்க்கும்போது நீளவில்லை. கண்ணை மூடித் திறந்தால் நீண்டிருக்கிறதோ என்று இருக்கிறது. அதனால் கண்ணை மூடாமல் பார்க்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, நாற்றத்தால்தான்.

மேலேயிருந்து லோகுவின் தலை எட்டிப் பார்க்கிறது, தலைகீழாக, தங்கச் செயின் மூக்கில் தொங்க. "சார், தலைவர் வூட்டுக்காரரு கல்யாணத்துல மாட்டிகினாராம். பத்து நிமிஷம். மேல வந்து நெழல்ல நில்லுங்களேன், அப்புறமா எறங்குனா போச்சு." "பத்தரைன்னா பத்தரைதான் லோகு. நான் எறங்கியாச்சு." "நீங்க சரி, அண்ணி பாவம் சார்." "உன் அண்ணிக்குப் பழக்கம்." லோகு சிரிக்கிறான். இவன் இந்தப் பாலத்தில் கம்பியைக் குறைக்கலாம் என்று மூன்று தடவை கேட்டான், எனக்குத் தெரியும், நான் ஷெட்டில் இருந்தேன். பன்னிரண்டு எம்.எம். போதும் சார், பதினாறு எதுக்கு, எவன் பார்க்கப்போறான். அப்பா சொன்னார், "எம்பொண்டாட்டி பார்ப்பா. அடியில நின்னு பார்ப்பா." அப்போது எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததும் இன்னும் அருவருப்பாக இருந்தது. இவர் எங்களை நம்பிக்கையால் இங்கே நிறுத்துவதில்லை. நாங்கள் இங்கே நிற்போம் என்பதால்தான் இவரால் திருட முடியவில்லை. பீரோமேல் வைக்கிற அந்தக் குமிழிக் கட்டை மாதிரி எங்களை வைத்துப் பார்க்கிறார். நேர்மையாக இருக்க ஒரு மனுஷனுக்குப் பெண்டாட்டி, ஒரு பெண், ஒரு பையன், மூன்று தலை வேண்டியிருக்கிறது. அம்மாவைக் கேட்டார்களா? அம்மா ஒரு நாளாவது மாட்டேன் என்று சொன்னாளா? "ம்மா" என்கிறேன். "இன்னாடி." "காலு வலிக்கலையா?" "வலிக்கும்தான். சீக்கிரம் போனா பருப்பு ஊசாது, ஊற வெச்சிட்டு வந்துட்டேன்." தலைக்குமேல் லாரி, இவளுக்குப் பருப்பு.

பட்டாளத்தில் அப்பாவோடு இருந்த துக்காராமின் கதையும் இதே கால் வலியோடுதான் ஞாபகம் வரும். அப்பா ஒரே தடவைதான் சொன்னார், ரம் மூன்றாவது மூடி போன ஒரே நாள், என் பதினைந்தாவது பிறந்த நாள். மலையில் எங்கேயோ ஒரு ஓடைக்கு மேலே, சாமான் கொண்டுபோகிற கோவேறு கழுதைகளுக்காக மரப்பாலம் கட்டினார்கள். கடைசி நாள் இந்த முனை போல்ட்டையும் அந்த முனை போல்ட்டையும் முறுக்கிப் பார்க்க வேண்டியது அப்பா வேலை. இந்த முனை முடித்தார். அப்போது போன் வந்தது, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மறுநாள் கிளம்பியிருக்கலாம், அப்போதே லீவு எழுதிக் கொடுத்து, ரயிலுக்கு வண்டி கிளம்பும் நேரம் என்று, அந்த முனைக்கு நடக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆறடி நடை. நான் வேலூரில் ஆஸ்பத்திரித் தொட்டிலில் கிடந்தேன், சிவப்பாக, அசிங்கமாக, என்னைப் பார்க்க இவர் ரயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். அங்கே பாலம் சாய்ந்தது. ஒரு கழுதை செத்தது, துக்காராமுக்கு முட்டிக்குக் கீழே ஒரு கால் போய்விட்டது. அதைச் சொல்லிவிட்டு அப்பா என் தலையைத் தடவினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் பிறந்ததற்கு விலை ஒரு கழுதை, ஒரு கால். யார் கேட்டார்கள் இந்தக் கணக்கை? அன்றிலிருந்து என் பிறந்த நாள் கேக்கை வெட்டினால் கத்தி எலும்பில் படுகிற மாதிரி இருக்கும். ஆறடி நடக்காதவர் மகள் ஐந்து நாள் ஓஸைப் பிடிக்கவில்லை, ரத்தம் என்றால் இதுதான் போல. ஆனால் அவர் நடக்காதது சந்தோஷத்தில். நான் எதில்? ஒரு பஸ் கை ஆட்டினதில். சீ.

சொல்லிவிடலாம். ஒரே வரி. அப்பா, ஐந்து நாள் தண்ணி ஊத்தல. ஆறு நாளாக இந்த வரியை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன், மக்கன்பேடா மாதிரி கரையவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன், அவர் நிதர்சனுக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையில் சொல்லலாம், ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஷூவைப் பார்த்தால் பேச்சு வருவதில்லை எனக்கு. ஒருவேளை ஒன்றும் ஆகாது. பதினாறு எம்.எம். கம்பி போட்டிருக்கிறார், கம்பி தாங்கும். லாரி போகும், தூசி விழும், போட்டோ எடுப்பார்கள், பன்னிரண்டாவது ஆணி அடிப்பார்கள், அப்புறம் எப்போதும் போல. எப்போதும் போல என்றால் இந்தப் பாலத்தில் இனி பள்ளிக்கூட பஸ் போகும். கரும்பு லாரி போகும். எவனாவது புல்லட்டில் பெண்டாட்டி பிள்ளையோடு போவான். நான் ஒவ்வொரு மழைக்கும் எழுந்து உட்காருவேன். அதைவிட இப்போதே விழுந்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றுகிறது, தோன்றின நொடியே நிதர்சன் என் சுண்டுவிரலைப் பிடிக்கிறான், பிசுபிசுவென்று, சளி துடைத்த கை. "அக்கா, லாரில எவ்ளோ வெயிட்டு?" அப்பா பதில் சொல்கிறார். "இருபத்தஞ்சு டன். நம்ம வீட்டு அரிசி மூட்ட மாதிரி ஆயிரம் மூட்ட." ஆயிரம் மூட்டை. பெருமையாகச் சொல்கிறார். மேலே பட்டாசு ஒரு சரம் வெடிக்கிறது. அந்த ஆள் வந்துவிட்டார். தேங்காய்க்கு ஆள் தேடுகிறார்கள். லாரி ஆக்ஸிலேட்டரை ஒரு முறை மிதிக்கிறது, காங்கிரீட் வழியாக அந்த உறுமல் என் பல்லுக்கு வருகிறது. அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "சாவ்தான்" என்கிறார், எங்களைத்தான், பட்டாளத்து அட்டென்ஷன், எல்லாத் தடவையும் சொல்கிற ஜோக், நிதர்சன் விறைப்பாக நிற்கிறான். என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அப்பா நான் தண்ணி ஊத்தல."

அவர் திரும்பவில்லை. "எத்தன நாள்?" "அஞ்சு." "எப்ப?" "மூணாவது நாள்லேர்ந்து." உடனே கணக்குப் போட்டார், தாடை அசைந்ததிலிருந்து தெரிந்தது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு, ஏழு. அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். நான் நினைத்தது, அறைவார். இல்லை, மேலே பார்த்துக் கத்துவார், வண்டியை நிறுத்து என்று. இரண்டும் இல்லை. "வேணி, பசங்கள கூட்டிகினு மேல போ" என்றார், சாதாரணமாக, கடைக்குப் போ என்கிற மாதிரி. "நீங்க?" "நான் கட்டுனது." "யோவ், வாய்யா நீயும்." அம்மா அவரை யோவ் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஒரு அடி அகலம், நெஞ்சு நிமிர்த்தி. அப்போது எனக்கு வந்த அருவருப்பு மாதிரி எப்போதும் வந்ததில்லை. நிற்கிறாராம். தனியாக. விழுந்தால் விழட்டும் என்று, வீரனாக. எங்களை மேலே அனுப்பிவிட்டு, எல்லாரும் பார்க்க, என் ஐந்து நாளைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, காலத்துக்கும் நான் அதைத் தூக்கித் திரியணும், துக்காராம் போதாது என்று. அம்மா நிதர்சனை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள், செருப்பு ஒன்று குழம்பில் போய்விட்டது. நான் அவர்களைத் தாண்டி, கையை ஊன்றி, கருவேல முள்ளைப் பிடித்து ஏறினேன். மேலே வெயில் மூஞ்சியில் அடித்தது. தேங்காய் உடைந்திருந்தது. லாரி வந்துகொண்டிருந்தது, சக்கரத்துக்கும் பாலத்துக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நான் அந்தப் பத்தடியில் போய் நின்றேன்.

பிரேக் சத்தம். டிரைவர் மாபு பாய் பாதி உடம்பு வெளியே. "யாரு பெத்த பொண்ணு நீ! சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" தலைவர் வீட்டுக்காரர் கையில் பாதித் தேங்காய், தண்ணீர் வேட்டியில் ஒழுகுகிறது. "இன்னாம்மா, நல்ல நேரம் பதினொன்னோட முடியுது." நாற்பது பேர் இருந்திருப்பார்கள். கத்தினேன், குரல் கேவலமாகக் கிழிந்தது. "அஞ்சு நாள் தண்ணி ஊத்தல! நான்தான் ஊத்தல! படுத்துகினு போன் பார்த்தேன்! மேல சாக்கு மட்டும் நனைச்சேன்!" யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி தரையைப் பார்த்தார். லோகு ஓடி வந்தான், "ஏய், இன்னா ஒளர்ற, க்யூப் பாஸ், பேப்பர் கீது எங்கிட்ட" என்று என் கையைப் பிடித்தான். அதற்குள் அப்பா சரிவில் ஏறி வந்துவிட்டார், ஐம்பத்து மூன்று வயசு, முட்டியில் கறுப்புச் சேறு, பாலிஷ் போட்ட ஷூ ஒன்று முழுக்க முழுகியிருந்தது. லோகுவின் கையை என்மேலிருந்து எடுத்தார். "க்யூப் தொட்டியில இருந்துச்சு லோகு. பாலம் வெயில்ல இருந்துச்சு." பிறகு மாபு பாயைப் பார்த்து, "வண்டிய பின்னால எடு பாய். இன்னிக்கு இல்ல." "இன்னா சார், குடும்பத்தோட பயந்துட்டீங்களா?" என்று பின்னால் எவனோ கேட்டான். அப்பா என்னைப் பார்த்தார். மூக்கு சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கோடு விழுந்து, மேலுதடு தூக்கி, பக்கத்தில் ஏதோ செத்துக் கிடக்கிற மாதிரி. அவருக்கு மூக்கு இருக்கிறது. நான் காலையில் கண்ணாடியில் பார்க்கிற அதே மூஞ்சி.

கூட்டம் கலைய நேரமாகவில்லை. தேங்காயை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. லோகு போனில் யாரிடமோ என் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே காரில் ஏறினான். லாரி பின்னாலேயே போய்ப் புளியமரத்தடியில் திரும்பியது, ஆயிரம் மூட்டையும் அதோடு. அம்மா ஒற்றைச் செருப்போடு கல்லில் உட்கார்ந்து, நிதர்சனின் காலைப் பாட்டில் தண்ணீரில் கழுவினாள். "பருப்பு போச்சு" என்றாள். என்னிடமா, பொதுவாகவா தெரியாது. அப்பா மறுபடி கீழே இறங்கியிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நானாக இறங்கினேன். அதே நாற்றம், குறையவில்லை. அந்தப் பழைய ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் அம்மா செருப்பு சேர்ந்திருந்தது, பிள்ளையார் கைக்குப் பக்கத்தில். அப்பா தலையை அண்ணாந்து, உள்ளங்கையை காங்கிரீட்டில் வைத்துத் தடவிக்கொண்டே நகர்ந்தார். நான் என் கோட்டைக் காட்டினேன். "இதுப்பா." ஒரு பார்வைதான் பார்த்தார். "அது ஷீட்டு மார்க்கு. சென்ட்ரிங் பலகை ரெண்டும் சேர்ற எடம்." அரைமணி நேரம் கண்ணை மூடாமல் பார்த்தது. காங்கிரீட் ஊற்றும்போது அடியில் தாங்கின பலகையின் தடம். அவர் கை அதைத் தாண்டி, இன்னும் இரண்டடி போய், நின்றது. அம்மா நின்ற இடத்துக்கு நேர் மேலே. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. "நகரு, வெளிச்சத்த மறைக்கிற" என்றார். நகர்ந்தேன். தெரிந்தது. நான் பார்த்ததைவிட மெல்லிசு, நேராகக்கூட இல்லை, சிலந்தி நடந்த மாதிரி வளைந்து வளைந்து கம்பி ஓடுகிற பக்கமாகவே போனது. பன்னிரண்டு தடவையும் அம்மா அந்த ஓரத்தில்தான் நிற்பாள். சட்டைப் பையிலிருந்து தச்சன் பென்சிலை எடுத்தார். வெடிப்பு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடுத்த முனையிலும் போட்டார். ஒரு மாசம் கழித்து வந்து பார்த்தால், அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் அதில் வித்தை. பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார், நீட்டும்போதும் மூஞ்சியைப் பார்க்கவில்லை. "தேதி போடு. எனக்குக் கை தூக்கினா தோள் வலிக்குது." போட்டேன். காங்கிரீட்டில் பென்சில் கிறீச்சிட்டது, பல் கூசியது. "யாரு பார்த்ததுன்னு எழுதணும். ஒன் பேரப் போடு." யோகலட்சுமி என்று எழுதினேன், கோணல்மாணலாக, ல-வும் ட்-டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி. அவ்வளவு மட்டும்தான் எழுதினேன், அது நான் பண்ணினது என்பதால். அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து இல்லை, அண்ணாந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். மூக்கு இன்னும் அப்படியேதான் சுருங்கியிருந்தது.

"இனிஷியல் எங்க?" என்றார்.